ஒன்றரை அறை வீட்டில் ஒரு காமக் கதை: களம், பாத்திரம், கதைப்போக்கு அமைக்கும் முறை

திருக்குறளின் காமத்துப்பாலில் 250 குறள்கள். அவற்றில் 'புணர்ச்சி மகிழ்தல்' என்று தலைப்பிட்ட அதிகாரம் ஒன்றே ஒன்று, பத்துக் குறள். மற்றவற்றில் பெரும்பகுதி பார்த்தது, ஊர் பேசியது, பிரிந்தது, தூக்கம் கெட்டது, கனவில் வந்தது, கோபித்துக்கொண்டது, கோபம் தீர்ந்தது என்று போகிறது. காமக் கதை எழுத உட்காருகிறவர் முதலில் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்பது பக்கம் படுக்கை, ஒரு பக்கம் மனிதர்கள் என்று இதைத் தலைகீழாக்கும்போதுதான் பெரும்பாலான கதைகள் கெடுகின்றன.

அப்படிப்பட்ட கதை மூன்றாம் பக்கத்திலேயே ஏன் சலிக்கிறது? உடல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைக் கொண்டு செய்யக்கூடியதும் எண்ணி முடிக்கக்கூடியதுதான். வாசகருக்கு அதில் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரியாதது, இந்த இருவர் இன்றைக்கு இந்த வீட்டில் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேரப்போகிறார்கள் என்பதுதான். "கண்களவு கொள்ளும் சிறுநோக்கம் காமத்தில் செம்பாகம் அன்று பெரிது" என்பது 1092ஆம் குறள். ஓரப்பார்வை காமத்தில் பாதி அல்ல, பாதிக்கும் மேலே என்கிறார் வள்ளுவர். எழுதுபவருக்கு இது அழகான வாக்கியம் மட்டுமல்ல, பக்க ஒதுக்கீடு.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கற்பனைக் கதையை எடுத்துக் கட்டிக்கொண்டே போகலாம். மூவாயிரம் சொல் அளவுள்ள சிறுகதை. செல்விக்கு வயது 36, பரசுவுக்கு 40, திருமணமாகிப் பதினோரு வருடம். இருப்பது சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பழைய ஒண்டுக்குடித்தனம். கூடமும் ஒரு சின்ன அறையுமாக ஒன்றரை அறை. கூடவே மாமியாரும், அரசுத் தேர்வுக்குப் படிக்கிற 27 வயதுக் கொழுந்தனும்.

புதியவர்கள் பலர் கள்ள உறவு, முன்பின் தெரியாதவர், வெளியூர் விடுதி என்றுதான் தொடங்குவார்கள். அதில் தவறில்லை. ஆனால் கணவன் மனைவி கதையில்தான் கை தேறும். தடையை வெளியிலிருந்து கடன் வாங்க முடியாது, வீட்டுக்குள்ளேயே தேடியாக வேண்டும்.

முதல் படி: களத்தை வரைந்துகொள்ளுங்கள்

பாத்திரத்துக்கு முன்னால் களம். இந்த வரிசை நம்மிடம் பழையது. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு, அதாவது காதல் பாட்டுக்கு, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றைச் சொல்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே வாழ்கிற விலங்கு, மரம், உணவு, தொழில், பறை. உரிப்பொருள்தான் கூடல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்கிற உணர்வு. அந்த நிலத்தில் அந்தப் பொழுதில் அந்த உணர்வு தானாக எழும் என்பது ஏற்பாடு. குறிஞ்சிக்கு மலையும் நள்ளிரவும் கொடுத்து அங்கே கூடலை வைத்தார்கள். முல்லைக்குக் கார்காலத்து மாலை, அங்கே காத்திருத்தல். மருதத்துக்கு வைகறை, அங்கே ஊடல். இரவெல்லாம் வேறு வீட்டில் இருந்த கணவன் விடியும்போது வாசலில் வந்து நிற்பான் என்பதை நினைத்தால் மருதத்துக்கு ஏன் அந்தப் பொழுது என்று புரியும். பொழுதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

நம் கதைக்கு மலையும் வயலும் வேண்டாம், ஆனால் வேலை அதேதான். ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள், கோணல்மாணலாக இருந்தால் போதும். வாசல், கூடம், அறை, சமையற்கட்டு, பின்பக்கத்துப் பொதுக் குழாய், மாடிப்படி. யார் எங்கே படுக்கிறார்கள் என்று குறியுங்கள். மாமியார் கூடத்தில் அறைக் கதவுக்கு மூன்றடி தள்ளிப் பாய் போட்டிருக்கிறார். கொழுந்தன் வாசலோரம் மேசை விளக்கில் இரவு ஒரு மணி வரை படிக்கிறான். அறைக் கதவின் தாழ்ப்பாள் வருடக்கணக்காகச் சரியாக விழுவதில்லை.

அடுத்து ஒலிகளை எழுதுங்கள். காமக் கதையில் எழுத்தாளர்கள் அதிகம் மறப்பது காதைத்தான். கட்டிலின் இடது கால் கிறீச்சிடும். மின்விசிறியை ஐந்தில் வைத்தால் கடகடக்கும், அந்தக் கடகடப்பு மற்ற ஒலிகளை மூடும். எவர்சில்வர் டம்ளர் ஒன்று தவறி விழுந்தால் நான்கு குடித்தனத்துக்கும் கேட்கும். மாமியார் தூங்கும்போது சீராக மூச்சு விடுவார், விழித்திருந்தால் இருமுவார். இதை எழுதி முடித்ததும் கதையில் முதல் பதற்றம் கிடைத்துவிட்டது: இருமல் கேட்டால் கை நிற்கும். அதற்கு வருணனை எதுவும் வேண்டாம்.

களம் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, அது தடுக்க வேண்டும். இன்னொன்று, எங்கோ ஒரு மூலையில் இடம் கொடுக்க வேண்டும். தடுக்க மட்டும் செய்தால் கதை புழுங்கிச் செத்துப்போகும். இடம் மட்டும் கொடுத்தால், அதாவது ஆளில்லாத பங்களா, பூட்டிய கதவு, குளிர்சாதனம் என்று வைத்தால், முதல் வரியிலேயே முடிந்துவிட்ட கதையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒண்டுக்குடித்தனம் நல்ல களமாவது அதனால்தான். பொதுக் குழாயடியில் எல்லோர் முன்னாலும் குடத்தைக் கைமாற்றும்போது விரல் பட்டால் அது பரசுவுக்கும் செல்விக்கும் மட்டும் தெரியும்.

தேய்ந்துபோன களப்பொருள்களைப் பற்றி ஒரு சொல். மழை, மின்வெட்டு, மல்லிகை, வெள்ளிக் கொலுசு. இவற்றைத் தடை செய்யத் தேவையில்லை, ஆனால் ஒரு கதைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எடுத்தாலும் அதன் பயன்படாத பக்கத்தை எடுங்கள். இரவு தலையில் இருக்கும் மல்லிகையை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். காலையில் சன்னல் கட்டையில் பழுப்பேறிக் கிடக்கிற அரை முழம், அதை எடுத்துக் குப்பையில் போட மனமில்லாத பெண் என்று எழுதினால் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

களம் எவ்வளவு சுமக்கும் என்று பார்க்க குறுந்தொகையின் 25ஆம் பாட்டு போதும். கபிலர் எழுதிய ஐந்து வரி. அவன் என்னைக் கூடியபோது வேறு யாரும் இல்லை, அவன் மறுத்தால் நான் என்ன செய்வேன், ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது, தினைத்தாள் போன்ற மெலிந்த பசுங்கால்கள் அதற்கு. கூடலுக்கு அந்தப் பாட்டில் 'மணந்த' என்று ஒரே ஒரு சொல்தான். மீதி முழுவதும் தனிமையும், சாட்சி சொல்லத் தெரியாத பறவையும், அதன் காலும். காலின் நிறம் வரை அவளுக்கு நினைவிருக்கிறது என்றால் அன்றைக்கு அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். உடலைப் பற்றி எதுவும் சொல்லாமல் உடலின் கூச்சம் வந்துவிடுகிறது. நம் கதையில் அந்தக் குருகின் இடத்தில் எதை வைக்கலாம்? சுவரில் பல்லி என்றால் நகைச்சுவை. அறை மூலையில் அடுக்கியிருக்கும் கொழுந்தனின் பொது அறிவுப் புத்தகங்கள் என்றால் அந்த வீட்டுக்கே உரியது.

இரண்டாம் படி: இருவருக்கும் வேறொரு தேவை

காமத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாத பாத்திரம் காமக் கதையில் நிற்காது. உப்பை மட்டும் இலையில் வைத்தது போல ஆகும். ஒவ்வொருவருக்கும் அந்த இரவில் அதையன்றி வேண்டியது ஒன்று இருக்க வேண்டும், அது மற்றவரிடம் மட்டுமே கிடைப்பதாகவும் இருக்க வேண்டும்.

பரசு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின்மேன். மூன்று மாதம் முன்பு அச்சகத்தில் பங்கு வாங்க செல்வியின் இரண்டு வளையலை அடகு வைத்தான். அவளிடம் கேட்கவில்லை, பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டான். அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது வளையல்கூட இல்லை, 'கேட்டிருக்கணும்' என்ற ஒரு சொல். அவனுக்கு வேண்டியது, தான் திருடன் இல்லை என்று அவள் கண்ணில் பார்ப்பது. இந்த இரண்டும் இருந்தால் அவர்கள் ஒருவரையொருவர் தொடும் ஒவ்வொரு தடவையும் பேச்சுவார்த்தையாகிவிடும்.

பாத்திரக் குறிப்பு எழுதும்போது உயரம், நிறம், அளவு என்று தொடங்காதீர்கள். அந்த எண்கள் வாசகர் மனத்தில் பத்து நிமிடம் தங்காது. எழுத வேண்டியவை வேறு: கை என்ன வேலை செய்கிறது, அந்த வேலை கையில் விட்டுச்சென்ற தடம் என்ன, எதற்கு வெட்கப்படுவார், யார் முன்னால் குரல் மாறும், கடைசியாக எதற்குப் பொய் சொன்னார், தூங்கும் முன் கடைசியாகச் செய்வது என்ன. ஆளுக்கு ஆறு வரி போதும். பரசுவின் கைக்குப் பதில் உடனே கிடைக்கிறது. அச்சு மை நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும், அப்புறமும் கட்டைவிரல் ரேகையில் கறுப்பு நிற்கும். எனவே அவன் மேல் எப்போதும் மண்ணெண்ணெயும் சிவப்பு சோப்பும் கலந்த ஒரு வாசனை. இருட்டில் செல்விக்கு அவன் என்று தெரிவது அதை வைத்துத்தான். கறுப்பு பனியன் போட்டால் மை தெரியாது என்று அவன் நினைப்பதும் அவள் துவைக்கும்போது சிரிப்பதும் கூட இதிலிருந்தே வரும். ஒரு தொழிலை ஒழுங்காக அறிந்து எழுதினால் பத்து உவமை மிச்சம்.

'ஐம்புலனும் ஒண்தொடி கண்ணே உள' என்று 1101ஆம் குறள் கண்டு, கேட்டு, உண்டு, உயிர்த்து, உற்று என ஐந்தையும் வரிசையாக எண்ணிச் சொல்கிறது. புணர்ச்சி மகிழ்தல் அதிகாரத்தின் முதல் குறளே அது. முதல் வரைவு முடிந்ததும் ஐந்து நிறப் பென்சிலால் புலன்களைக் கோடிட்டுப் பாருங்கள். கண் மட்டும் பக்கம் முழுக்கச் சிவந்து கிடக்கும், மூக்கும் நாக்கும் அநேகமாக வெறும் தாள். அங்கேதான் வேலை பாக்கி.

துணைப்பாத்திரங்களைக் கஞ்சத்தனமாக எழுதாதீர்கள். அகப்பாட்டில் தோழியும், வளர்ப்புத் தாயான செவிலியும், தலைவனின் நண்பனான பாங்கனும் இல்லாவிட்டால் பாதிப் பாட்டு நடக்காது. யார் கண்ணுக்குப் படக்கூடாதோ அவர்கள் இருந்தால்தான் மறைப்புக்குச் சுவை. நம் மாமியாரை வில்லியாக்கினால் தொலைக்காட்சித் தொடர் ஆகிவிடும். அவருக்கும் ஒரு காலத்தில் இதே அறையில் இதே கட்டில் கிறீச்சிட்டிருக்கும். அதை ஒரு வரியிலும் சொல்ல வேண்டாம், எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் அவர் இருமுகிற விதமே மாறிவிடும்.

பெயர் விஷயத்தில் மட்டும் பழைய வழியை விடுவது நல்லது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பாட்டுக்கு அது பொருந்தும், யாரும் அந்த இடத்தில் நிற்கலாம். உரைநடைக் கதையில் 'அவன்', 'அவள்' என்றே போனால் மூன்றாம் பத்தியில் ஆள் கரைந்துபோவார். அதே சமயம் உண்மையில் இருக்கும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரோ நடிகரோ, பெயரை மாற்றியும் அடையாளம் தெரிகிறாற்போல வரக்கூடாது. அது அவருக்குச் செய்யும் தீங்கு.

வயது விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது: எல்லோரும் பெரியவர்கள், அது கதையின் முதல் பக்கத்திலேயே ஐயமின்றித் தெரிய வேண்டும்.

சம்மதமும் அப்படித்தான், ஆனால் அதைச் சட்டத்துக்குப் பயந்து ஒட்டுகிற வரியாக நினைப்பவர்கள் ஒரு நல்ல கருவியை வீணடிக்கிறார்கள். மறுக்க முடியாத இடத்தில் சம்மதிப்பதற்குச் சுவை ஏது? செல்வி 'வேணாம்' என்று சொல்லக்கூடும் என்ற நிலை இருக்கும்வரை அவள் கையை நீட்டும் கணம் நிகழ்ச்சியாக இருக்கும். பலவந்தத்தில் தொடங்கி மகிழ்ச்சியில் முடிகிற பழைய மஞ்சள் புத்தக வழக்கம் பொய் என்பதோடு, கதையாகவும் மட்டம். அதில் ஒருத்தர் மட்டுமே பாத்திரம், மற்றவர் பொருள்.

மூன்றாம் படி: தடையை அடுக்குவது

கதைப்போக்கு என்று இங்கே சொல்வது தடைகளின் வரிசையைத்தான். மூவாயிரம் சொல் கதைக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: வீடும் ஆட்களும் அறிமுகமாக 500 சொல், நெருங்கி வருவதற்கு 1,500, கூடலுக்கு 400, அதற்குப் பிறகு 600. கூடலைவிடப் பிற்பகுதி நீளமா என்று தோன்றும். ஆம், நீளம்தான். ஏன் என்று பின்னால் வருகிறது.

நடுவில் உள்ள 1,500 சொல்லுக்கு மூன்று தடை போதும், ஆனால் மூன்றும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். கதவு தட்டுவது, தொலைபேசி அடிப்பது, மறுபடி கதவு தட்டுவது என்றால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும். நம் கதையில் சனிக்கிழமை மாலை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாமியாரும் கொழுந்தனும் கிளம்புகிறார்கள், முகூர்த்தம் முடிந்து ஞாயிறு மதியம்தான் வருவார்கள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக வீடு காலி. வெளித்தடை முழுவதும் ஒரே வாக்கியத்தில் நீங்கிவிட்டது.

அந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. வெளித்தடை நீங்கினால் உள்தடை தெரியும். இத்தனை நாள் மாமியாரைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டதெல்லாம் உண்மையில் வளையல்தான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் செய்தி பார்க்கிறார்கள். குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகியவர்கள், வீட்டில் யாருமில்லாதபோதும் கிசுகிசுக்கிறார்கள். இது முதல் தடை, பழக்கம். பத்தரை மணிக்குத் தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. நாளைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் இப்போதே எட்டுக் குடம் தூக்கியாக வேண்டும். இது இரண்டாவது, வாழ்க்கை. அச்சமயம் அவர்கள் எரிச்சலோடு சேர்ந்து செய்கிற அந்த வேலைதான் இருவரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிறது என்பதைக் கவனியுங்கள். தடை நல்லதாக இருந்தால் அது தள்ளிக்கொண்டே நெருக்கும். மூன்றாவது, வளையல்.

தடைகளை ஏற்றிக்கொண்டே போவதற்குத் தமிழில் இருக்கிற அச்சு அசலான பாடம், திருக்குறளில் 'புலவி நுணுக்கம்' என்ற அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்கள், 1317 முதல் 1320 வரை. அவன் தும்முகிறான். அவள் 'நூறாயுசு' என்று வாழ்த்துகிறாள், உடனே யார் உன்னை நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த தடவை அவன் தும்மலை அடக்குகிறான். உன்னவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். சமாதானம் செய்கிறான். மற்றவர்களிடமும் இப்படித்தானே நடந்துகொள்வாய் என்கிறாள். கடைசியில் எதுவும் செய்யாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்காருகிறான். யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்று அதற்கும் கோபம். ஒவ்வொரு முறையும் முந்தைய தவறைத் திருத்தவே அவன் அடுத்ததைச் செய்கிறான், அந்தத் திருத்தமே அடுத்த குற்றமாகிறது. ஒரு தடையிலிருந்து அடுத்த தடை பிறக்கிறது. உங்கள் மூன்று தடைகளும் இப்படிக் கோத்து நிற்கின்றனவா அல்லது அடுக்கி வைத்த பெட்டிகளா என்று பாருங்கள்.

எவ்வளவு இழுக்கலாம்? இதற்கும் அளவு சொல்லியிருக்கிறது, 1302: ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினால் அதிகமாக நீட்டியதாகிவிடும். சோதனை எளிது. தடை புதிதாக எதையாவது இருவரைப் பற்றியும் சொல்கிறதா? சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே காலம் தாழ்த்துகிறது என்றால் நீக்குங்கள்.

இனி வளையல் பேச்சு வருகிற அந்த இடத்தைப் பார்க்கலாம். முதலில் வழக்கமாக வந்து விழுகிற வடிவம்:

"ஈரப்புடவையில் அவள் தேவதையாக ஜொலித்தாள். அவனால் கட்டுப்படுத்த முடியவில்லை. மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. அவளை வாரி அணைத்தான். அவள் மெழுகாய் உருகினாள்."

இதில் செல்வி இல்லை, பரசு இல்லை, தண்ணீர் லாரியும் இல்லை. எந்த ஊரிலும் எவர் மேலும் ஒட்டலாம். 'கட்டுப்படுத்த முடியவில்லை' என்றவுடன் முடிவெடுக்கிற ஆளும் போய்விட்டான். இதே இடம், குறிப்புத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு:

"குடங்களை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது இருவரும் முழங்கால்வரை நனைந்திருந்தார்கள். அவன் துண்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

'வளையல் எப்ப வரும்?'

'அடுத்த மாசம்.'

'போன மாசமும் இதத்தான் சொன்னீங்க.'

அவன் துண்டை மடித்தான், மறுபடி பிரித்தான். 'கேட்டிருக்கணும் செல்வி. கேட்டா வேணாம்னுடுவியோன்னு பயந்துட்டேன்.'

அவள் கையை நீட்டினாள். துண்டுக்கா தனக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை. வளையல் இருந்த இடத்தில் மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கட்டைவிரலால் அங்கே தொட்டான். மை பட்டது.

'இரு, கழுவிட்டு வந்துடறேன்.'

'வேணாம்.'"

தொட்டது மணிக்கட்டை மட்டும். வெளுத்த அந்தத் தடத்தில் களவும் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது. 'வேணாம்' என்ற சொல்லை அவன் பயந்த பொருளில் ஒருமுறை கேட்டோம், அடுத்த முறை அது வேறு பொருளில் வருகிறது. இதற்குப் பிறகு 400 சொல்லில் கூடலை எழுதலாம், எவ்வளவு வெளிப்படையாக என்பது அவரவர் விருப்பம். எவ்வளவு திறந்து எழுதினாலும், அங்கேயும் ஒருவர் மற்றவரைப் பற்றி ஒரு புதிய விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்கப் படிக்க முன்பு அறியாமை தெரிவது போல, கூடக் கூடக் காமம் புதிதாகிறது என்கிறது 1110. பதினோரு வருடத்துக்குப் பிறகு செல்வி முதல்முறையாகச் சத்தமாகச் சிரிக்கிறாள், அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டென்று பரசுவுக்கு இதுவரை தெரியாது. கிறீச்சிடுகிற கட்டில், இன்றைக்கு யாரும் கேட்க இல்லாத கட்டில், அவளைச் சிரிக்க வைக்கிறது. களத்துக்கு எழுதி வைத்த ஒலி இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

நான்காம் படி: மொழி

இங்கே தமிழில் எழுதுபவருக்கு ஒரு நிஜச் சிக்கல். உடலுக்கும் உறவுக்கும் நம்மிடம் இருக்கும் சொற்கள் மூன்று அலமாரியில் கிடக்கின்றன. ஒன்று மருத்துவமனைச் சுவரொட்டித் தமிழ், இன்னொன்று வசைச்சொல், மற்றது கொங்கை, அல்குல் என்கிற இலக்கியத் தமிழ். முதலாவது ஆசையை அணைக்கும், இரண்டாவது அடிக்கும், மூன்றாவது இன்றைய மெஷின்மேன் வாயில் வேஷம் கட்டும். ஒரே பத்தியில் மூன்றையும் கலப்பதுதான் பெரும் விபத்து. யார் கண் வழியாகக் கதை நகர்கிறதோ அவர் மனத்துக்குள் எந்தச் சொல் ஓடும் என்று கேளுங்கள். அவருக்கே சொல் இல்லையென்றால், 'அங்க' என்ற ஒற்றைச் சொல் போதும். பேச்சில் நாம் அப்படித்தானே சொல்கிறோம்.

தமிழ் கொடுக்கிற வசதிகளைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள். மிகப் பெரிய வசதி, விளிக்கும் முறை. செல்வி பரசுவை அழைப்பது மாமியார் முன்னால் 'என்னங்க', குழாயடியில் வெறும் 'த, பாருங்க', கோபத்தில் எதுவுமே சொல்லாமல் நேரே விஷயம், இருட்டில் 'டேய்'. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கும் அந்த ஒரு படி எந்த ஆடை அவிழ்ப்பையும்விடக் கூடுதலாகச் சொல்லும். கதையில் அது ஒரே ஒருமுறை நடக்கட்டும். எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்கு முன்னால் தவறியும் அவள் வாயில் 'நீ' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. நம் வினை கடைசியில் வருகிறது. யார், எதை, எப்படி, எங்கே எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தார் என்று தெரியும். தள்ளிப்போடுவதற்கென்றே அமைந்த இலக்கணம். நெருங்கும் பகுதியில் வாக்கியத்தை நீட்டி வினையை நிறுத்தி வையுங்கள். வினைமுற்றிலேயே ஆளும் பாலும் இருப்பதால் 'அவன்', 'அவள்' என்று வரிக்கு வரி எழுத வேண்டியதில்லை. அப்படி எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். பெயரடைகளுக்கு ரேஷன் வையுங்கள், பத்திக்கு ஒன்று. 'பட்டு போன்ற', 'செதுக்கிய', 'கிறங்கடிக்கும்' மூன்றையும் தேடி நீக்கினாலே வரைவு பாதி தேறிவிடும்.

ஐந்தாம் படி: பிறகு

கூடல் முடிந்த வரியோடு நிறுத்துகிற கதை வாசகரை வாசலில் நிறுத்தி விளக்கை அணைப்பது மாதிரி. 600 சொல் ஒதுக்கியது இதற்கு. நடந்தது இருவரிடமும் வீட்டிலும் எதை மாற்றியது? விடிகாலையில் அவன் பீரோவைத் திறக்கிறான், அடகு ரசீதை எடுத்து அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறான். அவள் அதைத் திருப்பி அவன் சட்டைப் பையில் வைக்கிறாளா, தன் டப்பாவில் வைத்துப் பூட்டுகிறாளா? இந்த இரண்டில் எது என்பதில் கதை முழுவதும் மாறும். பூட்டுவது மேல் என்பது எங்கள் கட்சி. அன்பு வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கு தீர்ந்துவிடாது.

மதியம் மாமியார் வருகிறார். கூடத்தில் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்கிறார். செல்வி குனிந்து தண்ணீர் வைக்கும்போது அவள் பின்கழுத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே கறுப்பாகப் பதிந்திருப்பது தெரிகிறது. அச்சு மை எண்ணெய் கலந்தது, குளித்தால் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் இளகி வரும். மெஷின்மேனின் தாய்க்கு அது தெரியாமல் இருக்காது. தொழிலுக்காக எழுதி வைத்த தகவல் இங்கே முடிச்சாகிறது. வேறு எதுவும் தேட வேண்டியதில்லை.

வெளியிடும் முன்

இந்தியாவிலிருந்து இணையத்தில் வெளியிடுவதென்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவைத் தெரிந்து வைத்திருங்கள். மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிட்டால் முதல் தண்டனையிலேயே மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிப்படையான பாலியல் செயலுக்கு 67ஏ, இன்னும் கடுமை. அச்சுப் புத்தகத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292 இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294 வந்திருக்கிறது. ஆபாசம் எது என்பதை ஒற்றை வரியைப் பிய்த்தெடுத்துப் பார்க்காமல் படைப்பின் முழுச் சூழலில், இன்றைய சமூகத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் சொன்னது. கதையும் பாத்திரமும் வலுவாக இருப்பது கலைக்கு மட்டுமல்ல, இங்கேயும் உதவும். வயது வந்தோருக்கானது என்ற அறிவிப்பு மேலே இருக்கட்டும்.

திருத்தும்போது வரைவைப் பத்து நாள் மூடி வையுங்கள். பிறகு மூன்று சோதனை. முதலில் திருவல்லிக்கேணியை அழித்து ஊட்டி விடுதி என்று போட்டுப் படியுங்கள். கதை அப்படியே ஓடினால் களம் வேலை செய்யவில்லை, வரைபடத்துக்குத் திரும்புங்கள். இரண்டாவது, இருவர் பேச்சையும் இடம் மாற்றிப் பாருங்கள். பரசு சொன்னதைச் செல்வி சொன்னாலும் பொருந்தினால் பாத்திரம் இன்னும் பிறக்கவில்லை. மூன்றாவதுதான் கடினம். அந்த 400 சொல் கூடலை மொத்தமாக எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு அப்போதும் காது சூடானால் எடுத்ததைத் திரும்ப வைக்கலாம். ஆகவில்லையென்றால் இன்னும் 400 சொல் சேர்த்தாலும் ஆகாது.

கடைசியாக ஒரு வெட்டு. மாமியார் 'தேங்கா எண்ணெ போட்டா போயிடும்' என்று கிண்ணத்தைச் செல்வி பக்கம் நகர்த்துகிறார். அதற்குக் கீழே செல்வி நாணினாள், பரசு தலைகுனிந்தான் என்று ஏதாவது எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள்.